அழுக்கு மாடு: ஒரு திருத்தம் வாபஸ் ஆன கதை

மேட்டூர்ல இருந்து பேசுறேன். இன்னிக்கு நாம பார்க்கப் போறது ஒரு பக்கோட வரலாறு.

2005 ஆகஸ்ட் 1-ம் தேதி ஒருத்தர் இந்த பக்கைச் சரி செய்தார். இரண்டு நாள் கழித்து, ஆகஸ்ட் 3-ம் தேதி, அந்தத் திருத்தம் வாபஸ் ஆனது. 11 வருஷம் கழித்து, 2016 அக்டோபரில், அதே ஆள் அதே இடத்துக்குத் திரும்பி வந்து மறுபடியும் சரி செய்தார். அதற்குள் அந்த ஓட்டை உலகம் முழுக்க சர்வர்களிலும், கோடிக்கணக்கான ஆண்ட்ராய்டு போன்களிலும் போய் உட்கார்ந்துவிட்டது. அவர் சாதாரண ஆளும் இல்லை. லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ்தான்.

ஹேக்கர் கதைன்னா ஹூடி போட்ட ஆள், கறுப்புத் திரை, பச்சை எழுத்துன்னு ஒரு படம் நம்ம மனசுல ஓடும். இதுல அதெல்லாம் கம்மி. என்னை இதுல பிடிச்சு இழுத்தது ஒரே கேள்விதான்: ஒரு திருத்தத்தை நியாயமான காரணத்துக்காகத் திரும்ப எடுக்கிறோம்; பிறகு ஒருநாள் அந்தக் காரணம் இல்லாமல் போகிறது. அன்னிக்குத் திரும்பி வந்து பார்க்க வேண்டியது யார்?

முதலில் மெமரி

கதைக்குப் போறதுக்கு முன்னாடி கொஞ்சம் அடிப்படை. கம்ப்யூட்டர் தெரியாதவங்களும் கேட்கறீங்க என்பதால் மெதுவாவே போறேன்.

கெர்னல் என்பது ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் நடு அச்சு. உங்கள் போனில் உள்ள எந்த ஆப்பும் ரேமை நேராகத் தொடாது, கெர்னலிடம்தான் கேட்க வேண்டும். கெர்னல் ஒவ்வொரு புரோகிராமுக்கும் ஒரு தனி முகவரி வரிசையைக் கொடுத்து, "இது முழுக்க உன்னுடையது" என்று நம்ப வைக்கும். அந்த முகவரிகளுக்குப் பின்னால் நிஜமான ரேமில் எது எங்கே இருக்கிறது என்ற கணக்கு பேஜ் டேபிள் என்ற பதிவேட்டில் இருக்கும். மெமரியை 4 கேபி அளவுள்ள துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் ஒரு பேஜ் என்கிறோம்.

இப்போ ஒரு தாலுகா ஆபீஸை மனசுல வெச்சுக்கோங்க. கெர்னல்தான் அங்கே இருக்கிற குமாஸ்தா. அலமாரியில் ஒரு நிலப் பதிவேடு இருக்கிறது. பத்து பேர் அதைப் பார்க்க வருகிறார்கள். பத்து பேருக்கும் முழுப் பதிவேட்டையும் ஜெராக்ஸ் போட்டால் காகிதமும் நேரமும் வீண். பார்ப்பதற்கு மட்டும் என்றால் எல்லோரும் அதே பதிவேட்டைப் பார்த்துக்கொள்ளலாம். யாராவது ஒருத்தர், "நான் இதுல கோடு போட்டு, கணக்குப் போட்டுப் பார்க்கணும் சார்" என்று கேட்டால், அந்த ஒரு பக்கத்தை மட்டும் ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தால் போதும். அவர் என்ன கிறுக்கினாலும் அசல் பத்திரமாக இருக்கும்.

இதற்குப் பெயர் காப்பி-ஆன்-ரைட். எழுத வந்தால் மட்டும் நகல். 1970-களின் தொடக்கத்தில் டெனெக்ஸ் என்ற ஆப்பரேட்டிங் சிஸ்டத்திலேயே இந்த யோசனை இருந்தது. இன்றைக்கு லினக்ஸ் ஒரு புதிய புரோசஸைச் சட்டென்று தொடங்க முடிகிறது என்றால் இந்தச் சிக்கனம்தான் முக்கியக் காரணம். ஆங்கில எழுத்துகளைச் சுருக்கினால் "கவ்" என்று வரும். மாடு. தலைப்பில் உள்ள மாடு எங்கிருந்து வந்தது என்று இப்போ புரிஞ்சிருக்கும்.

இன்னொரு சொல்லும் தேவைப்படும்: டர்ட்டி பிட். ஒரு பேஜில் யாராவது எதையாவது எழுதிவிட்டால், "இது பழைய மாதிரி இல்லை, மாற்றப்பட்டிருக்கு" என்று ஒரு சின்னக் குறி வைப்பார்கள். அழுக்கு என்று பெயர் இருந்தாலும் அதில் தப்பு எதுவும் இல்லை. வெறும் அடையாளம்தான்.

குமாஸ்தா எங்கே ஏமாறுகிறார்?

பெரும்பாலான நேரம் ஒரு புரோகிராம் தன் மெமரியில் தானே எழுதிக்கொள்ளும். ஆனால் சில நேரம் அதன் சார்பில் கெர்னலே எழுத வேண்டியிருக்கும். உதாரணத்துக்கு டீபக்கர். ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராமை நடுவில் நிறுத்தி ஆராய, படிக்க மட்டும் அனுமதி உள்ள இடத்திலும் அது ஒரு நிறுத்தக் குறியை எழுத வேண்டும். அதற்காக கெர்னலில் "பரவாயில்லை, கட்டாயமாக எழுது" என்று ஒரு தனி வழி உண்டு. அந்த வழியில் வந்தாலும் அசலில் எழுத மாட்டார்கள். நகல் எடுத்து, அதில்தான் எழுதுவார்கள்.

அதுதான் விதி. இனி அது எப்படி உடைகிறது என்று பாருங்க.

நீங்கள் குமாஸ்தாவிடம் ஒரு சீட்டு கொடுக்கிறீர்கள்: "இந்தப் பக்கத்தில் இதை எழுதவும்." அவர் போய்ப் பார்க்கிறார். அங்கே இருப்பது அசல். எனவே ஒரு ஜெராக்ஸ் போட்டு மேஜையில் வைக்கிறார். மறுபடி சீட்டைப் பார்க்கிறார். சீட்டு "எழுது" என்கிறது, அந்த மேஜையின் மேலோ "படிக்க மட்டும்" என்று போர்டு தொங்குகிறது. இரண்டும் ஒத்துப்போகவில்லை. இதையே பார்த்துக்கொண்டிருந்தால் வேலை நகராது. ஆகவே அவர் ஒரு குறுக்குவழி எடுக்கிறார். "அதான் நகல் போட்டாச்சே, இனி அந்தக் கேள்வி எதுக்கு?" என்று சீட்டில் உள்ள "எழுத" என்ற சொல்லை அடித்துவிடுகிறார். பிறகு, நகல் மேஜையில் இருக்கும் என்ற நம்பிக்கையில் அதை எடுக்கப் போகிறார்.

அந்த ஒரு நொடிக்குள் உங்கள் கூட்டாளி வருகிறான். மேஜையில் இருக்கும் ஜெராக்ஸைக் கசக்கிக் குப்பைத் தொட்டியில் போடுகிறான். அதற்கு அவனுக்கு உரிமை உண்டு, அது உங்கள் நகல்தானே. "இந்தத் துண்டு எனக்கு இனி தேவையில்லை" என்று சொல்வது கெர்னலில் முறையான ஒரு கோரிக்கை.

குமாஸ்தா வந்து பார்க்கிறார். மேஜை காலி. சீட்டைப் பார்க்கிறார். அதில் "எழுத" என்ற சொல் இப்போது இல்லை. சரி, இவர் படிக்கத்தான் கேட்கிறார்போல என்று அலமாரியில் இருந்து அசலை எடுத்து வைக்கிறார். ஆனால் எழுத வேண்டிய பேனா ஏற்கெனவே அவர் கையில் இருக்கிறது. அசலில் எழுதிவிடுகிறார்.

எழுதுவது ஆபீஸ் ஆளே என்பதால் பூட்டு எதுவும் தடுக்காது. இதுதான் ரேஸ் கண்டிஷன்: இரண்டு வேலைகள் ஓட்டப்பந்தயம் மாதிரி ஓடுகின்றன, யார் முந்துகிறார்கள் என்பதைப் பொறுத்து முடிவு மாறுகிறது. ஒரு தடவையில் ஜெயிக்க வாய்ப்பு மிகக் குறைவு. ஆனால் கம்ப்யூட்டருக்கு அலுப்பே கிடையாது. ஒரு திரெட் விடாமல் எழுதக் கேட்கும், இன்னொரு திரெட் விடாமல் நகலைக் கசக்கும். லட்சம் தடவை தோற்று ஒரு தடவை ஜெயித்தால் போதும். சர்வரில் சாதாரண யூசராக நுழைந்த ஒருவன், தான் படிக்க மட்டுமே முடிகிற பாஸ்வேர்டு ஃபைலில் ஒரு வரியை மாற்றிவிடலாம். அடுத்த நிமிடம் அவன்தான் ரூட், அந்த மெஷினின் முதலாளி. லாக்கில் வழக்கத்துக்கு மாறான தடயம் எதுவும் இருக்காது.

2005: மூன்று நாள்

டோர்வால்ட்ஸ் 2005-லேயே இந்தச் சந்தைப் பார்த்துவிட்டார். அவரது திருத்தம் நேரடியானது. சீட்டில் உள்ள "எழுத" என்ற சொல்லை அடிக்காதே, அப்படியே வைத்திரு. ஒவ்வொரு தடவையும், கிடைத்த பக்கத்தில் டர்ட்டி குறி இருக்கிறதா என்று பார். இருந்தால் அது நகல்தான், எழுது. இல்லையென்றால் மறுபடி முதலில் இருந்து ஆரம்பி. நகல் நடுவில் காணாமல் போனாலும் ஆபத்து இல்லை, இன்னொரு சுற்று அவ்வளவுதான்.

நல்ல திருத்தம். நம்ம மேஜையில் இருக்கும் இன்டெல், ஏஎம்டி கம்ப்யூட்டர்களுக்கு இது பொருந்தும். ஆனால் லினக்ஸ் ஓடுவது அங்கே மட்டும் இல்லை. ஐ.பி.எம்.மின் பெரிய மெயின்ஃப்ரேம்களுக்கு எஸ்390 என்று ஒரு தனி வடிவமைப்பு. அங்கே டர்ட்டி குறி பேஜ் டேபிளில் இருக்காது. நிஜ மெமரியின் ஒவ்வொரு துண்டோடும் ஒட்டியிருக்கும் "ஸ்டோரேஜ் கீ" என்ற தனி இடத்தில் இருக்கும். பேஜ் டேபிளைப் பார்த்து "இது டர்ட்டியா?" என்று கேட்டால், எஸ்390-ல் எப்போதும் "இல்லை" என்றே பதில் வரும். அப்படியானால் புதிய திருத்தம் அங்கே என்ன செய்யும்? முதலில் இருந்து ஆரம்பி, முதலில் இருந்து ஆரம்பி, முதலில் இருந்து ஆரம்பி. குமாஸ்தா அலமாரிக்கும் மேஜைக்கும் நடந்துகொண்டே இருப்பார்.

இரண்டே நாளில் நிக் பிகின் என்ற கெர்னல் பொறியாளர் எழுதிய மாற்றம் உள்ளே வந்தது. எஸ்390 பிரச்சினை தீர்ந்தது. ஆனால் டர்ட்டி குறியைப் பார்க்கும் சோதனை போனதால் "எழுத" என்பதை அடிக்கும் குறுக்குவழி திரும்ப வந்தது, அதோடு பழைய ஓட்டையும் வந்தது.

இதை அலட்சியம்னு சொல்ல நான் தயாராயில்லை. அன்றைய நிலைமையை யோசிச்சுப் பாருங்க. வீட்டு கம்ப்யூட்டருக்கான டூயல் கோர் சிப்களை இன்டெலும் ஏஎம்டியும் விற்க ஆரம்பித்ததே 2005-ல்தான். கோடிக்கணக்கான மெஷின்களில் ஒரே ஒரு கோர்தான். இரண்டு வேலைகள் அத்தனை நெருக்கமாக மோதிக்கொள்வது அன்றைக்குக் காகிதத்தில் மட்டும் நடக்கக்கூடிய விஷயம். ஒரு பக்கம், காகிதத்தில் இருக்கும் ஆபத்து. இன்னொரு பக்கம், நிஜமாகவே ஸ்தம்பித்து நிற்கும் மெஷின். யாரா இருந்தாலும் இரண்டாவதைத்தான் முதலில் சரி செய்வார்கள்.

சிக்கல் அந்த முடிவில் இல்லை. அந்த முடிவுக்கு ஒரு காலாவதித் தேதி இருந்ததை யாரும் எங்கேயும் எழுதி வைக்கவில்லை என்பதுதான் சிக்கல்.

தண்ணீருக்கு அடியில்

எங்க ஊர்க்காரங்களுக்கு இதைப் புரிய வைக்க ஒரு சுலபமான வழி இருக்கு. மேட்டூர் அணை 1934-ல் திறக்கப்பட்டபோது காவிரிக் கரையில் இருந்த பல ஊர்கள் தண்ணீருக்குள் போயின. பண்ணவாடிப் பக்கம் ஜலகண்டேஸ்வரர் கோயிலும் அதன் நந்தியும், ஒரு பழைய தேவாலயமும் அப்படித்தான் மூழ்கின. அணை நிறைந்திருக்கும் வருஷங்களில் பரிசலில் அதன் மேலேயே போனாலும் கீழே என்ன இருக்குன்னு தெரியாது. 2017 வறட்சியில் நீர்மட்டம் இறங்கியதும் நந்தி வெளியே வந்து நின்றது, மக்கள் கூட்டமாகப் போய்ப் பார்த்தார்கள். நந்தி எங்கேயும் போகவில்லை. மேலே இருந்த தண்ணீர்தான் மாறியது.

கெர்னலிலும் அந்த வரிகள் அசையாமல் இருந்தன. மேலே இருந்த உலகம்தான் மாறியது.

முதல் மாற்றம், கோர்களின் எண்ணிக்கை. இரண்டு நாலாச்சு, நாலு எட்டாச்சு. சட்டைப் பையில் இருக்கும் போனிலேயே எட்டு கோர் வந்தது. கெர்னலின் மெமரி நிர்வாகப் பகுதியும் பல கோர்களில் ஒரே நேரத்தில் நன்றாக ஓடும்படி மெருகேற்றப்பட்டது. வேகம் கூடியது, கூடவே அந்தப் பந்தயத்தில் ஜெயிப்பதும் சுலபமானது. 2007 ஜூலையில் வந்த 2.6.22 பதிப்பை ஒட்டித்தான் இது நடைமுறையில் பயன்படுத்தக்கூடிய ஓட்டையாக மாறியது என்று பின்னால் கணக்கிட்டார்கள்.

இரண்டாவது, லினக்ஸ் பரவிய வேகம். முதல் ஆண்ட்ராய்டு போன் 2008-ல் வந்தது, அதில் இருந்தது 2.6.25 கெர்னல். அதாவது ஆண்ட்ராய்டு பிறக்கும்போதே இந்த ஓட்டையோடுதான் பிறந்தது. நம்ம ஊர்ப் பக்கம் இன்னொரு வாசலும் இருந்தது. சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் 2007-ல் வெளிவந்தது. 2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசின் விலையில்லா லேப்டாப் திட்டம் தொடங்கியது. அந்த லேப்டாப்புகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது, ஞாபகம் இருக்கும். எத்தனையோ பேருக்கு வாழ்க்கையின் முதல் லினக்ஸ் டெர்மினல் அதுதான். அந்த ஆண்டுகளில் எந்த லினக்ஸை எடுத்தாலும், அது பாஸ் ஆகட்டும், உபுண்டு ஆகட்டும், ரெட் ஹேட் ஆகட்டும், உள்ளே இதே கெர்னல், இதே வரிகள்.

மூன்றாவது மாற்றம்தான் என்னை ரொம்ப நேரம் யோசிக்க வைத்தது. 2013 ஏப்ரலில் லினக்ஸ் 3.9 வெளியானது. அதில் ஐ.பி.எம். பொறியாளர் மார்ட்டின் ஷ்விடெஃப்ஸ்கியின் ஒரு வேலை சேர்ந்திருந்தது. எஸ்390-லும் டர்ட்டி குறியை மென்பொருள் மூலமாகப் பேஜ் டேபிளிலேயே வைக்கும் ஏற்பாடு. 2005-ல் டோர்வால்ட்ஸின் திருத்தம் வாபஸ் ஆனதற்கு முக்கியக் காரணம் என்ன? எஸ்390-ல் அந்தக் குறி பேஜ் டேபிளில் இல்லை என்பது. 2013-ல் அந்தக் காரணம் போய்விட்டது. கதவு திறந்தே இருந்தது. மூன்றரை வருஷம் யாரும் உள்ளே போகவில்லை.

யாரும் போகாததில் ஆச்சரியமும் இல்லை. எஸ்390 வேலையைச் செய்தவர்கள் எஸ்390-க்காகச் செய்தார்கள். எட்டு வருஷம் முன்னால் வேறொரு ஃபைலில் வேறொருவர் திரும்ப எடுத்த ஒரு திருத்தம் இதற்காகக் காத்திருக்கிறது என்று அவர்களுக்கு யார் சொல்வது? கிட் வரலாற்றில் எல்லாம் பதிவாகி இருக்கிறது, உண்மைதான். ஆனால் பதிவாகி இருப்பது வேறு, ஞாபகத்தில் இருப்பது வேறு.

2016: பொறியில் மாட்டிய எக்ஸ்ப்ளாய்ட்

ஓட்டையை முதலில் திரும்பக் கண்டுபிடித்தவர்கள் நல்லவர்கள் இல்லை.

பில் ஓஸ்டர் என்ற பொறியாளருக்கு ஒரு நல்ல பழக்கம். தன் சர்வர்களுக்கு வெளியிலிருந்து வரும் எச்டிடிபி போக்குவரத்தை எல்லாம் பல வருஷமாகப் பதிவு செய்து வைப்பார், பின்னால் ஏதாவது நடந்தால் ஆராய்வதற்காக. 2016-ல் அவர் கவனித்துவந்த ஒரு சர்வருக்குள் யாரோ நுழைந்தார்கள். நுழைந்தவர்கள் ஒரு புரோகிராமை ஏற்றி ஓட்டினார்கள். ஓஸ்டர் தன் பதிவுகளில் தேடி அந்தப் புரோகிராமையே மீட்டெடுத்தார். சோதித்துப் பார்த்தால், சாதாரண யூசரை நொடிகளில் ரூட் ஆக்குகிறது. இந்த எக்ஸ்ப்ளாய்ட் எத்தனை நாளாக யார் யார் கையில் இருந்தது என்பதற்குக் கணக்கே இல்லை. லாக்கில் தடயம் விடாத ஆயுதத்துக்கு எப்படிக் கணக்கு எடுப்பது? அவர் மட்டும் நெட்வொர்க்கைப் பதிவு செய்து வைக்காமல் இருந்திருந்தால், கதை இன்னும் நீண்டிருக்கும்.

அவர் கெர்னல் ஆட்களுக்குத் தெரிவித்தார். அக்டோபர் 13-ம் தேதியிட்ட டோர்வால்ட்ஸின் திருத்தம் 18-ம் தேதி கெர்னலில் சேர்ந்தது. இரண்டு நாளில் 4.8.3, 4.7.9, 4.4.26 என்று பழைய பதிப்புகளுக்கும் வெளியானது. மாறிய வரிகள் இருபதுக்கும் குறைவு.

அந்தத் திருத்தத்தோடு அவர் எழுதிய குறிப்பு எனக்கு ரொம்பப் பிடிக்கும். இது ரொம்பப் பழைய பக் என்று ஆரம்பித்து, 11 வருஷத்துக்கு முன்னால் தானே இதைச் சரி செய்யப் பார்த்ததையும், அதை மோசமாகச் செய்ததையும் சொல்கிறார். எஸ்390-க்காக அது வாபஸ் ஆனது, பிறகு எஸ்390 எப்போதோ சரியாகிவிட்டது, அன்றைக்கு வெறும் கோட்பாடாக இருந்த மோதல் இன்றைக்குச் சுலபமாகிவிட்டது என்று வரிசையாக எழுதுகிறார். எந்தெந்த கமிட்டில் என்ன நடந்தது என்று எண்ணோடு குறிப்பிடுகிறார். ஒரு சில பத்திகளில் ஒரு முழு வரலாறு. 2005-ல் யாரும் எழுதி வைக்காததை 2016-ல் எழுதி வைத்தார்.

தாலுகா ஆபீஸ் பாஷையில் சொன்னால் திருத்தம் இதுதான். "எழுத" என்ற சொல்லை அடிக்கக் கூடாது. அதற்குப் பதிலாகச் சீட்டில் "நகல் போட்டாச்சு" என்று ஒரு முத்திரை. எழுதுவதற்கு முன்னால், முத்திரை இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதாது. கையில் இருக்கும் பக்கத்தில் டர்ட்டி குறி இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். முத்திரை இருந்து குறி இல்லையென்றால், நகலை யாரோ எடுத்துவிட்டார்கள் என்று அர்த்தம். மறுபடி நகல் போடு.

சிவிஇ-2016-5195 என்பது இதன் அதிகாரபூர்வ எண். உலகம் கூப்பிட்டது "டர்ட்டி கவ்" என்று. அழுக்கு மாடு. அந்தக் காலத்தில் ஒவ்வொரு ஓட்டைக்கும் பெயர், லோகோ, வெப்சைட் என்று ஒரு ஃபேஷன் ஓடியது. அதைக் கிண்டல் பண்ணுகிற மாதிரியே இதற்கும் ஒரு மாட்டு லோகோ போட்டு வெப்சைட் திறந்தார்கள்.

பேட்ச் வந்துவிட்டது, போனுக்கு வந்ததா?

சர்வர் நடத்துகிறவர்கள் ஒரு அப்டேட் போட்டு, ரீபூட் செய்து தப்பித்தார்கள். போன் கதை வேறு.

கெர்னலில் சேர்ந்த திருத்தம் முதலில் கூகுளுக்குப் போக வேண்டும். பிறகு சிப் கம்பெனிக்கு, பிறகு போன் கம்பெனிக்கு. அப்புறம்தான் உங்கள் கைக்கு. கூகுளின் 2016 நவம்பர் செக்யூரிட்டி அறிக்கையில் இது கூடுதல் பேட்சாக இடம்பெற்றது. டிசம்பர் பேட்ச் அளவில் கட்டாயமானது. ஆனால் விற்றதோடு அப்டேட்டை மறந்துவிடும் மலிவு விலை போன்களுக்கு டிசம்பரும் வரவில்லை, அடுத்த டிசம்பரும் வரவில்லை.

2017 செப்டம்பரில் ட்ரெண்ட் மைக்ரோ நிறுவனம் ஸினியூ என்ற மால்வேரைப் பற்றி அறிவித்தது. ஆண்ட்ராய்டில் டர்ட்டி கவ் ஓட்டையைப் பயன்படுத்திய முதல் மால்வேர் என்று அவர்கள் சொன்னார்கள். ஆபாசப் படம், கேம் என்று வேஷம் போட்ட 1,200-க்கும் மேற்பட்ட ஆப்கள். 40-க்கும் மேற்பட்ட நாடுகளில் கண்டுபிடிக்கப்பட்டது. பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் இரண்டு நாடுகளில்: ஒன்று சீனா, இன்னொன்று இந்தியா. சீனாவில் அது எஸ்எம்எஸ் வழியாகப் பணத்தைத் திருடியது. மற்ற நாடுகளில் பணம் எடுக்கும் வழி வேலை செய்யாவிட்டாலும், போனில் ஒரு பின்வாசலைத் திறந்து வைத்தது.

தேதிகளைக் கவனிச்சுப் பாருங்க. ஓட்டை அடைக்கப்பட்டு 11 மாதம் ஆகிவிட்டது. அதற்கு அப்புறமும் நம்ம நாட்டில் ஆட்கள் மாட்டுகிறார்கள். கெர்னல் ஆட்களைப் பொறுத்தவரை அது முடிந்துபோன பக். அப்டேட் வராத போனை வைத்திருந்தவருக்கு அது இன்றைய பக்.

மாடு மறுபடியும் வந்தது

இத்தோடு முடிந்ததா என்றால், இல்லை.

2017 நவம்பர் கடைசியில் பின்டெஸி என்ற குழு இன்னொரு அறிக்கை வெளியிட்டது. வேகத்துக்காக லினக்ஸ் சில இடங்களில் 4 கேபி துண்டுகளுக்குப் பதில் 2 எம்பி பெரிய துண்டுகளைப் பயன்படுத்தும். 2016 திருத்தத்தின் சோதனையை அந்தப் பெரிய துண்டுகளுக்கும் நீட்டித்திருந்தார்கள். ஆனால் அங்கே ஒரு இடத்தில், நகல் எடுக்காமலேயே டர்ட்டி குறியை வைக்கும் ஒரு வரி இருந்தது. திருத்தம் எந்தக் குறியை நம்பியதோ அந்தக் குறியே அங்கே பொய் சொன்னது. இதற்கு "ஹ்யூஜ் டர்ட்டி கவ்" என்று பெயர் வந்தது. பாதிப்பு முதலாவதைவிடக் குறைவுதான், ஆனால் வேர் அதேதான்.

2022-ல் மூன்றாவது. 5.16 பதிப்பில் வேறு தேவைக்காகச் செய்த ஒரு மாற்றத்தால், பகிர்ந்த மெமரி ஃபைல்களில் மறுபடியும் நகல் எடுக்காத பக்கத்தில் டர்ட்டி குறி விழ ஆரம்பித்தது. டேவிட் ஹில்டன்பிராண்ட் என்ற கெர்னல் பொறியாளர் அதைச் சரி செய்தபோது அடையாளத்தையே மாற்றினார். டோர்வால்ட்ஸ் 2016-ல் கொண்டுவந்த "நகல் போட்டாச்சு" முத்திரையை நீக்கினார். டர்ட்டி குறி என்பது "எழுதப்பட்டது" என்று சொல்லப் பிறந்த குறி, "இது உன் சொந்த நகல்" என்று சொல்லப் பிறந்தது இல்லை. பல வருஷமாக அதை இரண்டாவது அர்த்தத்திலும் பயன்படுத்தி வந்தார்கள். இப்போது "இந்தப் பேஜ் இந்த புரோசஸுக்கு மட்டுமே சொந்தம்" என்று நேரடியாகச் சொல்லும் தனிக் குறி இருக்கிறது. கேட்க வேண்டிய கேள்வியை அதனிடம் கேட்கிறார்கள்.

2005, 2016, 2017, 2022. நாலு தடவை கை வைத்த பிறகுதான் கேள்வியும் பதிலும் ஒத்துப்போயின. கை வைத்தவர்கள் எல்லோரும் உலகின் மிகத் திறமையான கெர்னல் பொறியாளர்கள். அதனால்தான் இது எனக்கு முக்கியமாகப் படுகிறது. திறமை மட்டும் இருந்தால் போதும் என்றால் 2005-லேயே முடிந்திருக்க வேண்டும்.

நான் எடுத்துக்கிட்டது

மேட்டூர் அணையில் 16 கண் மதகு என்று ஒன்று உண்டு, நிறைய பேர் போட்டோவில் பார்த்திருப்பீங்க. அணை 120 அடி முழுக் கொள்ளளவை நெருங்கும்போது உபரி நீரை வெளியேற்றத்தான் அது. 2013-க்கு அப்புறம் அணை நிரம்பியது 2018-ல்தான். நடுவில் ஐந்து வருஷம் அந்த மதகுக்குப் பெரிய வேலையே இல்லை. அதுக்காக, நிரம்பும் வருஷத்தில் போய் ஷட்டர் ஏறுதா இறங்குதான்னு பார்த்துக்கலாம்னு விட முடியுமா? வேலை இல்லாத வருஷத்திலும் மதகுக்குப் பராமரிப்பு வேண்டும்.

மென்பொருளில் அந்த மனநிலை நமக்குக் குறைவு. எழுதுவதற்கு ஆள் கிடைக்கும், எழுதியதைத் திரும்பிப் பார்க்க ஆள் கிடைக்காது. டீமில் வேலை செய்கிறவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது இது: ஒரு திருத்தத்தைத் திரும்ப எடுக்கும்போது "பிரச்சினை வந்தது, வாபஸ்" என்று நிறுத்தாதீங்க. எந்தக் காரணத்துக்காக வாபஸ், அந்தக் காரணம் எப்போது தீரும், தீர்ந்தால் யாருக்குத் தெரிய வேண்டும் என்று இன்னும் மூன்று வரி எழுதுங்க. "இது நடக்க வாய்ப்பே இல்லை" என்று தள்ளி வைக்கும்போது, எந்த மெஷினில், எத்தனை கோரில், எந்த வருஷத்தில் வாய்ப்பு இல்லை என்றும் சேர்த்து எழுதுங்க. வாய்ப்பு இல்லை என்பதற்கும் ஒரு தேதி உண்டு.

கோடு எழுதாதவங்களுக்கு ஒரு சின்ன வேலை. போனில் செட்டிங்ஸ் போங்க, "அபௌட் போன்" உள்ளே ஆண்ட்ராய்டு செக்யூரிட்டி அப்டேட் என்று ஒரு தேதி இருக்கும். உங்க போனில் மட்டும் இல்லை, வீட்டில் அம்மா அப்பா வைத்திருக்கும் போனிலும் பாருங்க. பேங்க் ஆப்பும் ஓடிபியும் அந்தப் போனில்தானே வருது. தேதி இரண்டு மூன்று வருஷம் பழசாக இருந்தால், அந்தத் தேதிக்கு அப்புறம் அடைக்கப்பட்ட எத்தனையோ ஓட்டைகள் அந்தப் போனில் மட்டும் இன்னும் திறந்திருக்கின்றன என்று அர்த்தம். தெரியாத லிங்க்கில் இருந்து ஆப் இறக்காமல் இருப்பது அந்தப் போனுக்கு ரொம்ப அவசியம். முடிந்தால் பணப் பரிமாற்றத்தை அப்டேட் வருகிற வேறு போனுக்கு மாற்றிக் கொடுங்க.

அந்தத் தேதி என்னன்னு பார்த்துட்டு எனக்கும் எழுதுங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.